சண்டிக் குதிரை என்று ஒன்று உண்டா?

குதிரை வாங்கப் போகிறவர்கள் நம் ஊரில் முதலில் சுழி பார்ப்பார்கள். நெற்றியில் சுழி எங்கே விழுந்திருக்கிறது, கழுத்தில் இருப்பது வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று தரகரும் கூட வந்த பெரியவரும் நின்று வாதாடுவார்கள். அடுத்தது பல்லைப் பிடித்து வயது கணிப்பது. கடைசியில் ஒரு சுற்று ஓட்டம். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகள் வந்து நிற்கும்போது நடப்பது இதுதான். ஓட்டத்தில் ஒரு குதிரை சட்டென்று நின்றுவிட்டால், பின்னங்காலை உதறினால், ஏறவிடாமல் நகர்ந்துகொண்டே இருந்தால் அதற்குச் 'சண்டி' என்ற பெயர் விழுந்துவிடும். பெயர் விழுந்தால் விலையும் விழும். அது ஏன் நின்றது என்று கேட்கிறவர் அரிது. சண்டி என்பதே காரணமாகிவிடுகிறது.

பழமொழியும் சந்தையின் பக்கம்தான். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்கிறோம். காரியவாதிகளைக் குத்திக்காட்டத்தான் அதைச் சொல்கிறோம். குதிரையின் வாய்க்குள் ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தக் கேலியைச் சொல்ல நா எழாது. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே முளைக்காத ஈறு கொஞ்ச தூரத்துக்கு இருக்கிறது. கடிவாளத்தின் இரும்பு உட்காருவது அங்கேதான். மெல்லிய தோலுக்கு அடியிலேயே எலும்பு. பின்லாந்தில் வண்டிப் பந்தயம் முடிந்து வந்த 261 குதிரைகளின் வாயைக் கால்நடை மருத்துவர்கள் திறந்து பார்த்தார்கள். 2019இல் வெளியான அந்தக் கணக்கின்படி 84 சதவீதக் குதிரைகளுக்குக் கடிவாளம் படும் இடத்தில் புதுக் காயம் இருந்தது.

குதிரையின் நடத்தை பற்றிக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் சேர்ந்திருக்கும் ஆய்வுகளைப் படித்துக்கொண்டு போனால் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப எதிரே வந்து நிற்கிறது. குணம் என்று நாம் எடுத்துக்கொண்டதில் பெரும்பகுதி அந்தக் குதிரை இருக்கும் நிலை: வலி, வெறும் வயிறு, தனிமை, புரியாத கட்டளை. எல்லா இடத்திலும் சான்று ஒரே அளவு பலமாக இல்லை. ஆனாலும் அது போகும் திசையில் சந்தேகமில்லை.

மேய்வதற்கென்றே ஆன வயிறு

குதிரை இரையாகவே வாழ்ந்து வந்த பிராணி. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறத்தாழ 350 பாகை சுற்றிப் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னே கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னே கொஞ்சமும்தான் தெரியாது. பின்னால் வந்து தட்டுகிறவரை அது உதைப்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் திறன் அதன் கண்ணுக்குக் கிடையாது. பிரிட்டனில் தடை தாண்டும் பந்தயங்களில், மனிதக் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கிறதே என்று தடைகளின் விளிம்புக்குக் காலங்காலமாக ஆரஞ்சு வண்ணம் அடித்து வந்தார்கள். குதிரைக்கு அது சுற்றியுள்ள பச்சையோடு கலந்தே தெரிகிறது என்று எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வு காட்டிய பிறகு, 2022இல் வெள்ளைக்கு மாற முடிவானது. அதற்கு முன் அந்தத் தடைகளில் தடுமாறிய குதிரைகளுக்கு என்னென்ன பெயர் கிடைத்ததோ.

கண்ணைக் காட்டிலும் வயிறு முக்கியம். நலக்கேட்டின் பாதிக் கதை அங்கேதான் தொடங்குகிறது. அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை சிறியது. 8 முதல் 15 லிட்டர் கொள்ளும். அதில் அமிலம் சாப்பாட்டு வேளை பார்த்துச் சுரப்பதில்லை, இரவும் பகலும் ஓயாமல் சுரக்கிறது. அதைத் தணிப்பது எச்சில். எச்சில் ஊறுவதோ மெல்லும்போது மட்டும். வெளியில் விட்டால் குதிரை ஒரு நாளில் பதினாறு மணி நேரம் வரை மேயும் என்பதால் இந்த ஏற்பாட்டில் குறையொன்றும் இல்லை. லாயத்தில்தான் கணக்கு உதைக்கிறது. ஒரு கிலோ உலர்புல்லை மென்று முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு கிலோ தானியம் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை தானியம் வைத்தால் மீதி நேரமெல்லாம் அமிலம் காலி வயிற்றில் கிடக்கிறது. பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளின் இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்த ஆய்வுகளில் எண்பது, தொண்ணூறு சதவீதம் வரை புண் தென்பட்டிருக்கிறது. சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது காதைப் பின்னுக்கு மடித்துத் திரும்பிக் கடிக்க வரும் குதிரையைச் 'சிடுமூஞ்சி' என்பார்கள். மருத்துவர் முதலில் சந்தேகிக்க வேண்டியது வயிற்றையும் முதுகையும். குதிரையால் வாந்தியெடுக்கவும் முடியாது. உள்ளே போனது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அது மேல்வழியாக வெளியேற வாய்ப்பில்லை. வயிற்றுச் சூலை உலகெங்கும் குதிரைகளைக் கொல்லும் பெரிய காரணமாக இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

இந்த வயிறு புரியாமல் தமிழகம் ஒரு காலத்தில் பெரும் பொருளை இழந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் காயல் பக்கம் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை ஹோர்முஸ், ஏடன் போன்ற துறைமுகங்களிலிருந்து வாங்குவதாகவும், அவருடைய சகோதரர்களும் அப்படியே வாங்குவதாகவும், ஆண்டு முடிவதற்குள் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதிவைத்தார். சோற்றோடு இறைச்சியை வேகவைத்துப் போடுகிறார்கள்; குதிரை வைத்தியம் தெரிந்தவர் நாட்டில் இல்லை; தெரிந்தவர் யாரும் இங்கே வந்துவிடாதபடி குதிரை வியாபாரிகளே பார்த்துக்கொள்கிறார்கள் என்பவை அவர் தரும் காரணங்கள். ஏறத்தாழ அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் சொல்வது இன்னும் சுவாரசியம். வறுத்த தானியத்தை வெண்ணெயில் பிசைந்து, காய்ச்சிய பசும்பாலும் கொடுத்து, முளையடித்துக் கயிற்றால் கட்டி நாற்பது நாள் லாயத்திலேயே கொழுக்கவைப்பார்களாம். அப்புறம் பழக்காமலே ஏறி விரட்டுவார்களாம். துடிப்பாக வந்திறங்கிய குதிரைகள் கொஞ்ச நாளில் மந்தமாகி ஒன்றுக்கும் உதவாமல் போய்விடுமாம்.

இருவரும் பார்த்ததோடு கேள்விப்பட்டதையும் கலந்து எழுதுகிறவர்கள். எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஈக்கள் பரப்பும் சர்ரா போன்ற வெப்பநாட்டு நோய்களும் அந்தச் சாவுகளில் சேர்ந்திருக்கலாம். ஆனால் கொழுப்பும் வெந்த தானியமும், நாற்பது நாள் அசையாத கட்டு, பிறகு திடீர் ஓட்டம் என்ற இந்தப் பட்டியலை இன்றைய கால்நடை மருத்துவ மாணவர் ஒருவரிடம் நீட்டினால், சூலை, குளம்பழற்சி, தசைச் சிதைவு என்று பதிலுக்கு ஒரு பட்டியல் எழுதித் தந்துவிடுவார். இதில் அலட்சியம் எங்கும் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. பொன் கொடுத்து வாங்கிய அரண்மனைக் குதிரைகள். தங்களுக்கு எது உயர்ந்த உணவோ அதையே ஊட்டினார்கள். செலவு செய்தால் நலம் வந்துவிடும் என்ற அந்த நம்பிக்கை பாண்டியரோடு முடியவில்லை. மேலைநாட்டுப் பண்ணைகளில் கொழுத்துப் போய்க் குளம்பழற்சியில் நொண்டும் செல்லக் குதிரைகளும் அதே வகைப் பராமரிப்புக்குப் பலியானவைதான்.

கதவைக் கவ்வும் பழக்கம்

பந்தய லாயங்களில் சில கதவுகளின் மேல்விளிம்பு அலை அலையாகத் தேய்ந்திருக்கும். குதிரை வந்து முன்பற்களை அந்த விளிம்பில் பொருத்தும். கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுக்கும். தொண்டைக்குக் கீழே தசை கயிறுபோலப் புடைக்க, ஏப்பத்துக்கும் உறுமலுக்கும் இடைப்பட்ட ஒரு சத்தம் வரும். விடும். விளிம்பை நக்கும். மறுபடியும் பல்லைப் பொருத்தும். ஒரே நாளில் ஆயிரம் தடவைக்கு மேல் இதைச் செய்யும் குதிரைகள் உண்டு. லாயத்து ஆட்கள் 'கிரிப் பைட்டிங்' என்பார்கள். இன்னொரு ரகம், அரைக்கதவுக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு முன்னங்கால்களை மாற்றி மாற்றி வைத்து இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருக்கும். மூன்றாவது அறைக்குள்ளேயே வட்டமடிக்கும். இவற்றுக்குப் பரம்பரையாக வந்த பெயர் கெட்ட பழக்கம். வைத்தியமும் அதற்கேற்பவே: தொண்டையை இறுக்கும் பட்டை, விளிம்பில் கசப்புப் பூச்சு, சில நாடுகளில் கழுத்துத் தசையை வெட்டும் அறுவை சிகிச்சை.

காட்டிலும் புல்வெளியிலும் தன்பாட்டுக்குத் திரியும் குதிரைகளிடம் இந்தப் பழக்கங்கள் காணப்படுவதில்லை. 2002இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு 225 குட்டிகளை நாலு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. தாயிடமிருந்து பிரித்த பிறகு அடர்தீவனம் கொடுக்கப்பட்ட குட்டிகளிடம் மரம் கவ்வும் பழக்கம் தொடங்கும் வாய்ப்பு நாலு மடங்கு. மறுபடியும் வயிறுதான். ஒன்றைப் பார்த்து இன்னொன்று கற்றுக்கொள்ளும் என்று பயந்து அப்படிப்பட்ட குதிரையைத் தனியே ஒதுக்கிவைப்பதும் வழக்கம். பார்த்துக் கற்பதற்கு நல்ல சான்று இதுவரை இல்லை, ஒதுக்கிவைப்பதால் கேடு உண்டு. லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தலையாட்டும் குதிரைகளின் அறையில் ஒரு கண்ணாடியைப் பொருத்திப் பார்த்தார்கள். ஆட்டம் வெகுவாகக் குறைந்தது. தன் நிழலையே துணையென்று எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அந்த அறையில் துணைக்குப் பஞ்சம்.

ஓர் எச்சரிக்கை: இந்தப் பழக்கம் ஒருமுறை ஊறிவிட்டால் வாழ்நிலை சரியான பிறகும் போகாமல் இருக்கலாம். கதவைக் கவ்வும் குதிரையை வைத்து இன்றைய உரிமையாளரைக் குற்றம் சொல்வது தவறாக முடியலாம். தழும்பைப் பார்த்து வெட்டியவர் யார் என்று சொல்ல முடியாது.

துணை என்றால் குதிரைக்கு என்ன என்பதற்கும் பதில் இருக்கிறது. கட்டின்றி வாழும் குதிரைகள் சிறு குடும்பங்களாகத் திரிகின்றன. பெண்குதிரைகளுக்கு இடையே பல ஆண்டுகள் நீடிக்கும் தோழமை உண்டு. எதிரெதிராக நின்று ஒன்றின் தோள்மேட்டை மற்றொன்று பல்லால் சொறிந்துவிடும். பிரான்சில் கிளாடியா ஃபே 1993இல் அந்த இடத்தையே மனிதக் கையால் சொறிந்து பார்த்தார். குதிரையின் இதயத்துடிப்பு குறைந்தது, வேறு இடத்தில் சொறிந்தால் குறையவில்லை. ஜெயித்து வரும் குதிரையின் கழுத்தில் பட்பட்டென்று அறைந்து பாராட்டும் ஜாக்கிகளுக்கு இது தெரிந்தால் நல்லது.

அது நம்மைப் படிக்கிறது

1904இல் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போட்டது. வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் கேள்வி கேட்பார், ஹான்ஸ் குளம்பைத் தட்டி விடை சொல்லும். நிபுணர் குழு பார்த்துவிட்டு மோசடி இல்லை என்றது. பிறகு ஆஸ்கர் ஃபங்ஸ்ட் பொறுமையாகச் சோதித்து 1907இல் விஷயத்தை உடைத்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், கேட்பவரைக் குதிரை பார்க்க முடியாதபோதும் ஹான்ஸுக்கு விடை வரவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் இம்மியளவு அசையும். அந்த அசைவில் ஹான்ஸ் தட்டுவதை நிறுத்திவிடும். ரகசியம் தெரிந்த பிறகும் தன் தலையைத் தன்னாலேயே அடக்க முடியவில்லை என்று ஃபங்ஸ்ட் எழுதினார்.

இந்தக் கதையை உளவியல் வகுப்புகளில் சோதனை முறைக்குப் பாடமாகச் சொல்வார்கள். குதிரையின் பக்கத்துக் கதை அதில் விட்டுப்போகிறது. ஒரு கூட்டம் அறிஞர்கள் கவனிக்காத அசைவை ஒரு குதிரை கவனித்தது. ஸ்வீடனில் லிண்டா கீலிங் 2009இல் வெளியிட்ட சோதனை இதற்கு அழகான தொடர்ச்சி. குதிரையைப் பிடித்துக்கொண்டு ஒரே பாதையில் நடக்கச் சொன்னார்கள். நாலாவது தடவை ஒருவர் சட்டென்று குடையை விரிப்பார் என்று பிடித்திருந்தவரிடம் மட்டும் சொல்லிவைத்தார்கள். குடை விரியவே இல்லை. ஆனாலும் அந்தத் தடவை அவருக்கும் இதயம் வேகமாக அடித்தது, குதிரைக்கும் அடித்தது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கோபமான மனித முகத்தின் புகைப்படத்தைக் காட்டியபோதும் குதிரைகளின் துடிப்பு விரைந்து ஏறியது. 'என்னிடம் மட்டும் முரண்டு பிடிக்கிறது' என்று புலம்புகிறவர் அநேகமாக உண்மையைத்தான் சொல்கிறார்.

நாமும் கேட்டால் அதுவும் சொல்லும். நார்வேயில் செசிலி மெய்டெல் குழுவினர் 23 குதிரைகளுக்கு மூன்று பலகைக் குறிகளைப் பழக்கினார்கள்: போர்வை போடு, போர்வையை எடு, இப்படியே இருக்கட்டும். பதினாலு நாளில் அத்தனை குதிரைகளும் கற்றுக்கொண்டன. குளிரும் மழையுமான நாளில் போர்வை கேட்டன, வெயிலடிக்கும் நாளில் கழற்றச் சொல்லின.

வலிக்கு ஒரு முகம்

இரையாக வாழும் பிராணி நொண்டுவதைக் காட்டிக்கொள்ளாது. கழுதை இதில் குதிரையையும் மிஞ்சும். தீவனத்தை மெல்வது போல வாயை அசைத்துக்கொண்டே சாவை நெருங்கும் கழுதைகளைப் பற்றி மருத்துவர்கள் எச்சரிப்பதுண்டு. ஆனாலும் முகம் முழுதாக ஒளிப்பதில்லை. 2014இல் இத்தாலியின் டல்லா கோஸ்டா குழுவினர், விதையடிப்பு அறுவைக்குப் பிறகு குதிரைகளின் முகங்களைப் படமெடுத்து ஆறு அடையாளங்களைப் பிரித்தார்கள். காதுகள் விறைத்துப் பின்னோக்கித் திரும்பும். கண் இமை பாதி மூடி இறுகும். கண்ணுக்கு மேல் எலும்பு துருத்தும். கன்னத்தில் மெல்லும் தசை கெட்டியாகித் தெரியும். மேலுதடு உள்வாங்கி, தாடை முன்னே வந்து கூம்பும். மூக்குத்துளை விறைத்து முகத்தின் பக்கத்தோற்றம் தட்டையாகும். நூல் ஏதும் வேண்டாம். ஜட்கா நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றால் இந்த ஆறில் இரண்டு மூன்றையாவது அடையாளம் காணப் பழகிவிடலாம்.

சவாரி செய்யும்போது பார்க்க வேண்டியவற்றைத் தொகுத்தவர் பிரிட்டிஷ் மருத்துவர் சூ டைசன். வாலை அடிக்கடி வீசுவது, வாயைப் பிளந்துகொண்டே இருப்பது, தலையை உதறுவது, அழைத்தாலும் நகர மறுப்பது என 24 நடத்தைகள் அவர் பட்டியலில் உண்டு. எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்கிறார். அந்த 24இல் பெரும்பாலானவை நம் சந்தையில் சண்டித்தனத்தின் லட்சணங்கள். அவரும் சகாவும் செய்த இன்னோர் ஆய்வில், உரிமையாளர்கள் நன்றாக இருக்கிறது என்று நம்பி ஓட்டிக்கொண்டிருந்த 506 குதிரைகளில் ஏறத்தாழப் பாதி நொண்டின அல்லது நடை கோணலாக இருந்தன. டைசனின் பட்டியலுக்கு விமர்சனம் இல்லாமல் இல்லை. பழக்கம் சரியில்லாத குதிரையும் வாலை வீசும், வாயைப் பிளக்கும். ஆனாலும் வலியை முதலில் சோதித்துவிட்டுப் பிறகு பழக்கத்தைப் பார்ப்பது என்ற வரிசையில் நஷ்டம் எதுவும் இல்லை.

வாயைப் பிளப்பது தெரியாமலிருக்க ஒரு குறுக்குவழி உண்டு: மூக்குப்பட்டையை இறுக்கிவிடுவது. இரண்டு விரல் நுழையும் இடைவெளி வேண்டும் என்பது பழைய விதி. அயர்லாந்து ஆய்வாளர்கள் 2017இல் போட்டிக் குதிரைகள் 750ஐ அளந்தபோது 7 சதவீதத்தில்தான் அந்த இடைவெளி இருந்தது. 44 சதவீதத்தில் ஒரு விரல்கூட நுழையவில்லை. அறிகுறியைக் கட்டிப்போட்டுவிட்டுக் குதிரை அமைதியாக இருக்கிறது என்று மதிப்பெண் போடுவது விளையாட்டு நடுவர்களுக்குப் பழகிப்போயிருக்கிறது.

அடக்குவதும் பழக்குவதும்

நீ யார் என்று குதிரைக்குக் காட்ட வேண்டும், தலைவன் நீதான் என்று அதற்குப் புரியவைக்க வேண்டும் என்பது உலகமெங்கும் குதிரைக்காரர்கள் சொல்லிக்கொடுப்பது. மந்தையில் தலைவன் ஒருவன் மற்றதையெல்லாம் அடக்கி ஆள்கிறான் என்ற எண்ணமே கள ஆய்வுகளில் ஆட்டம் கண்டுவிட்டது. மேல் கீழ் என்பது பெரும்பாலும் தீவனத்துக்கும் தண்ணீருக்கும் நெருக்கடி வரும்போது தெரிவது. யார் முன்னே நடப்பது என்பது நாளுக்கு நாள் மாறும். இரண்டு காலில் நிற்கும் நம்மைக் குதிரை தன் கூட்டத்தின் தலைவனாக எண்ணுகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்றும் இல்லை.

ஆஸ்திரேலியாவின் பால் மெக்கிரீவி, ஆண்ட்ரூ மெக்லீன் போன்றவர்கள் இதை எளிய கற்றல் விதிகளுக்குள் கொண்டுவந்தார்கள். சவாரி அறிவியலுக்கென்று ஒரு சர்வதேசச் சங்கம் 2007இல் உருவானது. அவர்கள் சொல்வதன் சாரம் இது: காலால் விலாவை அழுத்துகிறோம், குதிரை நகர்கிறது, அழுத்தத்தை விடுகிறோம். குதிரை கற்றுக்கொள்வது அழுத்தம் விலகும் அந்த நொடியில். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் அது எதையும் கற்காது. ஒரே நேரத்தில் லகானை இழுத்து விலாவில் உதைத்தால் போ, நில் என்று இரண்டு கட்டளை. போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அது முன்னங்காலைத் தூக்கி எழும்.

2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் உலகமே இதைப் பார்த்தது. நவீன ஐந்திறப் போட்டியில் அப்போது வீரர்களுக்குக் குதிரை குலுக்கலில் வந்தது; பழகிக்கொள்ள 20 நிமிடம். செயின்ட் பாய் என்ற குதிரை முதலில் ஏறியவரிடமே தடை தாண்ட மறுத்திருந்தது. அடுத்து அதன்மேல் ஏறிய, அதுவரை முதலிடத்தில் இருந்த ஜெர்மன் வீராங்கனை அழுதுகொண்டே சாட்டையை வீச, பயிற்சியாளர் வேலிக்கு வெளியே நின்று குதிரையைக் கையால் குத்தினார். அவர் நீக்கப்பட்டார். பாரிஸ் 2024க்குப் பிறகு அந்தப் போட்டியிலிருந்து குதிரையேற்றமே எடுக்கப்பட்டுவிட்டது. பயிற்சியாளரைத் திட்டித் தீர்த்த அளவுக்கு அந்த 20 நிமிட விதியை யாரும் திட்டவில்லை என்பது என் வருத்தம். அறிமுகமில்லாத ஆள், பதற்றத்தில் துடிக்கும் இதயம், அன்றைக்கே ஒருமுறை பட்ட பயம். அந்தக் குதிரை வேறு என்ன செய்திருக்க முடியும்?

சாட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குதிரைத் தோலின் மேலடுக்குக் கனத்திலும் வலியுணரும் நரம்பு முனைகளிலும் மனிதத் தோலோடு பெரிய வித்தியாசம் இல்லை என்று சிட்னி ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். நார்வே பந்தயங்களில் சாட்டைக்கு 1982லேயே கட்டுப்பாடு வந்துவிட்டது, பந்தயம் நின்றுவிடவில்லை.

சாதுவான குதிரை

முரண்டு பிடிக்கும் குதிரையைவிட எனக்குக் கவலை தருவது எதுவுமே செய்யாத குதிரை. பிரான்சில் சவாரிப் பள்ளிக் குதிரைகளைப் பற்றி 2012இல் ஆய்வு வெளியிட்டவர்கள், ஏறத்தாழ நாலில் ஒன்று ஒரே மாதிரி நிற்பதைக் கண்டார்கள்: கழுத்து முதுகின் மட்டத்துக்குத் தாழ்ந்து நீண்டிருக்கும், கண் திறந்திருக்கும், காது அசையாது. ஆள் வந்தாலும் திரும்பாது, தொட்டாலும் பெரிதாக எதிர்வினை இல்லை. மனச்சோர்வு என்ற சொல்லை அவர்கள் தயங்கித் தயங்கித்தான் பயன்படுத்தினார்கள். சவாரிப் பள்ளியில் குழந்தைகளை ஏற்றிவிட ஏற்றது என்று தேர்ந்தெடுக்கப்படுவதும் கல்யாண ஊர்வலத்தில் வெடிச் சத்தத்துக்கு நடுவே 'எவ்வளவு சாது' என்று பாராட்டு வாங்குவதும் இப்படிப்பட்ட குதிரையாக இருந்துவிட வாய்ப்புண்டு. வஸ்ஸாஃப் எழுதிய மந்தமான குதிரைகளும் இந்த வகையில் சேர்ந்தவையோ என்னவோ.

இந்தியாவில் குதிரை வேகமாகக் குறைந்து வருகிறது. 2012 கணக்கெடுப்பில் 6 லட்சத்துக்கு மேல் இருந்த குதிரைகளும் மட்டக் குதிரைகளும் 2019இல் 3.4 லட்சம். கோவேறு கழுதை 84,000, கழுதை 1.2 லட்சம். வடக்கே செங்கல் சூளைகளிலும் இமயமலை யாத்திரைப் பாதைகளிலும் பாரம் இழுப்பவையும் சுமப்பவையும் இவற்றில் கணிசம். 1934இல் கெய்ரோவில் டோரதி புரூக் தொடங்கிய மருத்துவமனையிலிருந்து வளர்ந்த புரூக் அமைப்பு இந்தியாவில் 1992 முதல் வேலை செய்கிறது. ஐந்து நாடுகளில் ஏறத்தாழ 5,000 உழைக்கும் விலங்குகளைப் பரிசோதித்த ஆய்வில் பெரும்பான்மைக்கு நடையில் கோளாறு, உடல் மெலிவு, சேணப் புண் என்று தெரியவந்தது. புரூக்கின் வழிமுறையில் எனக்குப் பிடித்தது, உரிமையாளர்களை வட்டமாக உட்காரவைத்து 'நான் குதிரையாக இருந்தால் என் எஜமானிடம் என்ன கேட்பேன்' என்று பேசவிடுவது. தண்ணீர், நிழல், அளவான பாரம் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். தெரியாமல் நடப்பதில்லை, முடியாமல் நடக்கிறது.

குதிரையை வேலை வாங்குவதையே முற்றாக ஒழித்துவிடலாம் என்ற வாதமும் உண்டு. மும்பையின் விக்டோரியா வண்டிகளை 2015இல் உயர் நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. சோறு போடும் வேலை போன பிறகு குதிரைக்கு யார் சோறு போடுவார் என்ற கேள்விக்கு எந்தத் தடையும் தானாக விடை தருவதில்லை. அவிழ்த்துவிடுவதும் விடையாகாது. கோடியக்கரையில் திரியும் குதிரைகளுக்கும் நெடுந்தீவின் மட்டக் குதிரைகளுக்கும் குடும்பம் உண்டு, மேய்ச்சல் உண்டு, கடிவாளம் இல்லை. ஆனால் நெடுந்தீவில் வறட்சி வந்தால் தண்ணீரில்லாமல் செத்து விழுவதும் உண்டு.

பாரம் இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்கென்று நம்மிடம் இருப்பவை 1965ஆம் ஆண்டு விதிகள். மட்டக் குதிரை முதுகில் 70 கிலோ, கோவேறு கழுதை 200 கிலோ, கழுதை 50 கிலோ. நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டினால் நண்பகல் 12 முதல் 3 மணி வரை நிறுத்தம். முள் வைத்த கடிவாளத்துக்குத் தடை. அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுதியதற்கு மோசமில்லை, நடைமுறையில்தான் காணோம். ஆனால் அந்த விதிகள் அளப்பது எடையும் மணியும் வெயிலும். நாள் முழுக்க மெல்ல ஏதாவது இருக்கிறதா, தொடும் தூரத்தில் இன்னொரு குதிரை இருக்கிறதா, கயிறில்லாமல் தினமும் கொஞ்ச நேரம் நடமாட முடிகிறதா என்ற மூன்றையும் அவை கேட்பதில்லை. கேட்கும் விதி ஒன்று வந்தால் ஜட்காக்காரர் அவ்வளவாகத் திணற மாட்டார்; அவருடைய குதிரைக்குப் பக்கத்திலேயே இன்னொரு குதிரை நிற்கிறது, புல்லுக்கட்டும் வண்டியிலேயே கிடக்கிறது. ஒரு நாளின் பெரும்பகுதி குதிரையை நாலு சுவருக்குள் நிறுத்திவைத்து, மருத்துவரும் தனி ஆளும் போட்டு, லட்சங்களில் செலவழிக்கும் பந்தய லாயங்களிலிருந்துதான் முதல் ஆட்சேபம் வரும்.